நாற்பத்திரண்டாவது முடிச்சு

குருந்தம்பட்டியில் அந்தச் சித்திரை மாதம் முழுக்க ஒரே பேச்சுத்தான். படிக்கிணற்றை அடைப்பதா, வேண்டாமா?

சென்ற வாரங்களில் நம்மோடு வந்தவர்களுக்கு ஒச்சாயியைத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. உசிலம்பட்டிச் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கும் அந்த ஊரின் பஞ்சாயத்து போர்டில் தலைவரோடு சேர்த்து ஏழு பேர். அதில் ஒருத்தி மட்டும் பெண். அவள்தான் ஒச்சாயி. புருஷன் சீனிச்சாமி போன பிறகு வீட்டு வரி அவள் பெயருக்கு மாறியது. வரி கட்டுகிறவளுக்கு ஓட்டும் உண்டு, நிற்கவும் உரிமை உண்டு என்று யாரோ சொன்னார்கள். நின்றாள், ஜெயித்தாள். தலைவர் கருத்தக்கண்ணன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

தை மாதம் வந்துபோன ஹெல்த் இன்ஸ்பெக்டர், ஊரை வருஷா வருஷம் படுக்கையில் தள்ளும் நரம்புச்சிலந்திப் புழு நோய்க்குப் படிக்கிணறுதான் காரணம் என்று சொல்லிவிட்டார். காலில் கொப்புளம் கண்டவர்கள் படியிறங்கித் தண்ணீரில் காலை நனைக்கிறார்கள். கொப்புளம் உடைந்து புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கின்றன. அதைக் குடிக்கிறவர் காலில் அடுத்த வருஷம் முழ நீளத்துக்குப் புழு கிளம்புகிறது. படியை அடைத்து, சுற்றிலும் கைப்பிடிச் சுவர் கட்டி, மேலே நின்று கயிறு போட்டு இறைத்தால் நோய் தானாக நிற்கும் என்றார்.

அந்தக் கிணறு கருத்தக்கண்ணனின் தகப்பனார் ஒரு பஞ்ச காலத்தில் வெட்டியது. தலைவருக்கு அது கிணறு அல்ல, தகப்பனார்.

ஒச்சாயிக்கும் அவர்தான் தகப்பனார். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு சீனிச்சாமியின் கால் வீங்கிச் சீழ் கோத்து, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி அவன் உடலோடு திரும்பி வந்ததைப் பார்த்தவள் அவள். "கருவேல முள்ளுத்தா, புழுவெல்லாம் இல்ல" என்று அன்றைக்கு அண்ணன் சொன்னதை அவள் மறுக்கவில்லை. மறக்கவும் இல்லை.

இன்று போர்டுக் கூட்டம்.

காலையில் அண்ணனிடம் கடைசியாக ஒரு தரம் பேசிப் பார்க்கலாம் என்று ஒச்சாயி அவர் வீட்டுக்குப் போனாள். கருத்தக்கண்ணன் வயலுக்குப் போயிருந்தார். மதினி ராக்கம்மாள் இடுப்பில் குடத்தோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள்.

ஒச்சாயி நின்றுவிட்டாள். அந்த நடை அவளுக்குத் தெரியும். குதிகாலை ஊன்றாமல், விரல்களை மட்டும் வைத்து வைத்து நடக்கிற நடை. சீனிச்சாமி அப்படித்தான் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடந்தான்.

குடத்தை வாங்கி உள்ளே இறக்கி வைத்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"காலைக் காட்டு மதினி."

"என்ன காலு? படியில வழுக்கிருச்சு."

ஒச்சாயி கீழே உட்கார்ந்து மதினியின் சேலைக் கரையைத் தூக்கினாள். வலது கணுக்காலுக்கு மேல் பழந்துணிக் கட்டு. அவிழ்த்தபோது உள்ளே ஒரு தீக்குச்சி. வெளியே வந்த புழு அறுந்துவிடாமல், அதில் வெள்ளை நூல் மாதிரி நாலைந்து சுற்று சுற்றியிருந்தது. நூலின் மறுமுனை சதைக்குள் போயிருந்தது.

"எம்புட்டு நாளாச்சு?"

"ஒரு மாசம்."

"அண்ணனுக்கு?"

"தெரியக் கூடாதுன்னுதான இம்புட்டுப் பாடும்" என்றாள் ராக்கம்மாள். "உங்கண்ணன் உசிலம்பட்டிச் சந்தையில, நாலு ஊருக்காரங்க நடுவுல நின்னு, எங்கப்பன் வெட்டுன கிணத்துத் தண்ணியத்தான் என் வீட்டுல அம்புட்டுப் பேரும் குடிக்கிறோம், ஒருத்தரு காலுல புழு இருந்தாக் காட்டுங்கன்னு சொல்லிட்டு வந்தாரு. அன்னைக்குச் சாயங்காலம்தான் எனக்குக் கொப்புளம் ஒடஞ்சுச்சு. நான் என்ன செய்ய? அந்த மனுசன் பொய் சொன்னவராயிருவாருல்ல?"

"இந்தக் காலோடயா கிணத்துல இறங்குற?"

"இறங்கலத்தா. மேல்படியிலயே நின்னுக்கிருவேன். யாராச்சும் மொண்டு குடுத்தா வாங்கிட்டு வாரேன். தண்ணியில காலை நனைக்காதீகன்னு நீ வீடு வீடாச் சொல்லிட்டு வர்றது எனக்கும் காதுல விழுகத்தான செய்யுது."

ஒச்சாயி கட்டைப் பழையபடி சுற்றி முடித்தாள்.

"சபையில சொல்லிராத ஒச்சாயி. அண்ணன்கிட்டயும் சொல்லிராத. எனக்கு வாக்குக் குடு."

ஒச்சாயி மதினியின் உள்ளங்கையில் தன் கையை வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உறியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தாள். எழுத்து அறியாதவள் அவள். பதினைந்து நாளாக ஊர் முழுக்க நடந்து, புழு கண்ட காலுக்கு ஒரு முடிச்சு என்று போட்டு வந்த கயிறு அது. நேற்றுவரை நாற்பத்தொன்று. இப்போது இன்னொன்று போட்டு இறுக்கினாள்.

"இது யாருக்குத்தா?" என்று கேட்டாள் மகள் தங்கப்பொண்ணு. பதினேழு வயசு, அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஒரு காலுக்கு."

"யாரு காலு?"

"நீ உலையப் பாரு" என்று சொல்லிவிட்டு ஒச்சாயி சாவடிக்குப் புறப்பட்டாள்.

பத்து மணிக்கெல்லாம் சாவடி நிறைந்துவிட்டது. உறுப்பினர்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒச்சாயிக்குத் தூணோரம் தனிப் பாய். வெளியே புளியமரத்தடியில் ஊர் பாதி கூடியிருந்தது. வந்தவர்களில் கோலூன்றி வந்தவர்கள் பலர்.

மதுரையிலிருந்து வந்து உசிலம்பட்டியில் குடியிருக்கும் குமாஸ்தா ஹாலாஸ்யம், சைக்கிளில் வந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு மினிட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். வடக்குத் தெரு விளக்கின் சிம்னி உடைந்தது முதல் விஷயம். மந்தைப் புறம்போக்கில் யாரோ வைக்கோல்போர் போட்டது இரண்டாவது. இரண்டும் பத்தே நிமிஷத்தில் முடிந்தன. மூன்றாவதான படிக்கிணற்றுத் தீர்மானத்தைப் படிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

முதலில் பேசியவர் நல்லகாமன். ஊருக்குக் கிழக்கே தோட்டமும், மாடு கட்டி இறைக்கும் கமலைக் கிணறும் உள்ளவர்.

"வேலை முடிய நாப்பது நாள் ஆகும்ங்கிறாக. அதுவரைக்கும் ஊரு தண்ணிக்கு எங்க போகும்? எங் கிணத்துக்குத்தான வரும்? எங் கத்தரி காஞ்சா போர்டா வந்து பாக்கும்?"

இன்னொருவர் கேட்டார்: "படி இருந்தா இல்லாதவன் வெறுங்குடத்தோட போவான். இனிமே கயிறு வேணும், வாளி வேணும். அவன் எங்க போவான்?"

"கப்பி நாலு, கயிறு நாலு, வாளி நாலு. எல்லாம் போர்டே போட்டுக் கிணத்தோட கட்டி வைக்கணும்னுதான் தீர்மானத்துல இருக்கு" என்றாள் ஒச்சாயி. "கைக்கயிறு யாரும் கொண்டு வர வேண்டாம்."

கருத்தக்கண்ணன் அதுவரை பேசவில்லை. இப்போது தங்கையைப் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஊரெல்லாம் புழு, ஊரெல்லாம் புழுங்கிறியே. எண்ணுனது யாரு?"

"நான்தாண்ணே."

கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் முடிச்சில் விரலை வைத்தாள்.

"வடக்குத் தெரு மொக்கையன், இடது காலு."

"ஆமா" என்றது புளியமரத்தடியிலிருந்து ஒரு குரல்.

"அவன் பெஞ்சாதி அழகம்மாள், வலது காலு."

"ஆமாத்தா."

"கொல்லாசாரி மகன், முழங்காலுக்குக் கீழ. இந்த வருசம் உழவுக்கே போகல."

விரல் ஒவ்வொரு முடிச்சாக நகர்ந்தது. தெரு, பெயர், எந்தக் கால், எத்தனை நாள் படுக்கை. ஓரிடத்திலும் தட்டவில்லை. பெயர் சொல்லச் சொல்ல வெளியே 'ஆமா' கேட்டுக்கொண்டே வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் அந்தச் சபையில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் தாளைப் பார்க்காமல் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. ஹாலாஸ்யத்தின் பேனா பின்னாலேயே ஓடியது.

நாற்பத்தொன்றாவது பெயரைச் சொல்லிவிட்டு ஒச்சாயி கயிற்றைச் சுருட்டி ஹாலாஸ்யத்திடம் நீட்டினாள். அவர் நியாயஸ்தர், எழுதியதையும் எண்ணினார், முடிச்சையும் எண்ணினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தரம் எண்ணினார்.

"நீங்க சொன்னது நாப்பத்தொரு கால். கயித்துல நாப்பத்திரண்டு முடிச்சுன்னா இருக்கு."

"நாப்பத்திரண்டுதான்" என்றாள் ஒச்சாயி.

நல்லகாமன் சிரித்தார். "கணக்குக் கொஞ்சம் கூடட்டும்னு போட்டியா தங்கச்சி?"

ஜமுக்காளத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். வெளியே முணுமுணுப்பு எழுந்தது. ஒன்று பொய்யென்றால் நாற்பத்தொன்றும் பொய்யாகலாம் அல்லவா?

"அவ பொய் சொல்ல மாட்டா" என்றார் கருத்தக்கண்ணன். கிணற்று விஷயத்தில் எதிரியாக நின்றாலும் அதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. பிறகு முதன்முறையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தார். "யாருத்தா அது?"

"சொல்ல மாட்டேண்ணே."

"ஏன்?"

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்பக் கணக்குலருந்து எடுத்துரு."

"வலிக்கிற காலை எப்படிண்ணே எடுக்க?"



"எங்கிட்ட மட்டும் வந்து சொல்லு. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

ஒச்சாயி பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பெயர் போதும், அவள் ஜெயித்துவிடுவாள். சந்தையில் மார்தட்டிய தலைவரின் வீட்டுக்குள்ளேயே புழு இருக்கிறது என்று அவள் சொன்னால், அந்த ஜமுக்காளத்தில் யார் கை தூக்காமல் இருப்பார்கள்? அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஊரில் யாருடைய காலானாலும் தலைவரிடம் சொல்லலாம். சொல்லக் கூடாத கால் ஒன்றுதான் இருக்க முடியும் என்பது கருத்தக்கண்ணனுக்கு மெதுவாக உறைத்தது. ஒரு மாதமாக ராக்கம்மாள் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவில்லை. இடுப்புப் பிடிப்பு என்றாள். மாரியம்மன் கோயிலுக்குக் கூட வரவில்லை.

அவர் எழுந்தார்.

"அரை மணி நேரம். யாரும் போகாதீக."

ராக்கம்மாள் சுளகில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நடுப்பகலில் புருஷன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தாள்.

"காலைக் காட்டு."

அவள் முகம் வெளுத்தது. "ஒச்சாயி சொல்லிட்டாளா?"

"சொல்லல. கள்ளக் கணக்குன்னு சபையே சிரிச்சுச்சு. வாயத் தொறக்கல."

ராக்கம்மாள் தானே கட்டை அவிழ்த்தாள்.

கருத்தக்கண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் மனைவியின் காலை அவர் தொட்டதில்லை. இப்போது அந்தப் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தீக்குச்சியையும் அதில் சுற்றியிருந்ததையும் பார்த்தார். அவள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"ஒரு மாசமா இதோடயா குத்துன, புடைச்ச, ஆக்கிப் போட்ட?"

"உங்க சொல்லு கீழ விழுந்துரக் கூடாதுன்னுதான்."

"சீனிச்சாமி காலும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார் அவர். "நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் முள்ளுன்னு சொன்னேன்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பன் படி வச்சதே சனங்க சுளுவா இறங்கட்டும்னுதான். அந்தப் படியிலயே நோவு ஏறி வருதுன்னு தெரிஞ்சிருந்தா, அவரே கடப்பாரையத் தூக்கியிருப்பாரு."

ராக்கம்மாள் துணியைச் சுற்றிக்கொண்டே, "போங்க. சபை காத்துக்கிட்டு இருக்கும்" என்றாள். அவர் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "சொல்லணும்னா எம் பேரையே சொல்லுங்க. எனக்கொண்ணும் வெக்கமில்ல."

சாவடிக்குள் நுழைந்த கருத்தக்கண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"ஐயரே, எழுதுங்க. நாப்பத்திரண்டாவது. தெற்குத் தெரு ராக்கம்மாள், வலது காலு. புருசன் பேரு கருத்தக்கண்ணன், போர்டுத் தலைவர்."

ஹாலாஸ்யத்தின் பேனா நின்றுவிட்டது.

"போன மாசம் சந்தையில நான் பேசுனது தப்பு. அதையும் எழுதிக்கங்க."

"அதெல்லாம் மினிட்டுல எழுதற வழக்கம் இல்லையே."

"இல்லேன்னா இன்னையிலருந்து வழக்கம்."

ஹாலாஸ்யம் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, தன் அழகான கையெழுத்தில் அதை எழுதினார். முப்பது வருஷம் அவர் எத்தனையோ போர்டுகளில் எத்தனையோ தீர்மானங்களை எழுதியவர். தன் தப்பைத் தானே எழுதச் சொன்ன தலைவரை அன்றுதான் பார்த்தார்.

கருத்தக்கண்ணன் தூணோரம் திரும்பினார். குரல் இறங்கியது.

"ஒச்சாயி. சீனிச்சாமிக்குக் குத்துனது முள்ளு இல்லத்தா."

இரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவள் அவள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த ஊர் மரியாதை அப்படி.

ஓட்டெடுத்தபோது அடைக்கலாம் என்று மூன்று கைகள். கூடாது என்று மூன்று கைகள். அதில் நல்லகாமன் கையும் ஒன்று. தலைவர் தம் கையை மெதுவாக உயர்த்தினார். தீர்மானம் நிறைவேறியது. வருகிற திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

அதன் பிறகுதான் ஊர் அந்த இன்னொரு கேள்விக்கு வந்தது. நாற்பது நாள் தண்ணீருக்கு என்ன செய்வது? அத்தனை கண்களும் நல்லகாமன் பக்கம் திரும்பின. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவடியை விட்டு இறங்கிப் போனார்.

"நான் போய்ப் பேசுறேன்" என்றார் கருத்தக்கண்ணன்.

"நீ போனா தலைவர் வந்தாருன்னு ஆகும்ணே. கேக்குறது நானாவே இருக்கட்டும்" என்றாள் ஒச்சாயி.

வெயில் தாழ்ந்த பிறகு அவள் கிழக்குத் தோட்டத்துக்கு நடந்தாள். கமலை ஓட்டி முடித்து மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார் நல்லகாமன். கத்தரிப் பாத்திகளில் ஈரம் மினுமினுத்தது.

"வருவேன்னு தெரியும்" என்றார்.

"ஊருக்காக வந்திருக்கேண்ணே."

"விடியக்காலம் ரெண்டு மணி நேரம் எம் பயிருக்கு. அதுக்கப்புறம் பொழுது சாயுற வரைக்கும் ஊரு எடுத்துக்கிறட்டும். மாடும் என் மாடே. நானே ஓட்டுறேன். தொட்டியில விழுகிற தண்ணியத் தொட்டியிலயே மொள்ளட்டும். கிணத்துல ஒரு காலும் இறங்கப்பிடாது."

ஒச்சாயி இதை எதிர்பார்க்கவில்லை. கெஞ்ச வேண்டியிருக்கும் என்று வழி நெடுகச் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அத்தனையும் வீணாயிற்று. கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கும்பிடாதத்தா. சபையில நாந்தான உன்னையப் பாத்துச் சிரிச்சேன்" என்றார் அவர். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "ஒண்ணு கேக்கணும். இதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமில்ல. நீ இல்லேன்னு சொன்னாலும் திங்கக்கிழமை தண்ணி உண்டு."

"சொல்லுண்ணே."

"உம் மக தங்கப்பொண்ணை எம் மகன் கருப்புக்குக் குடு."

தங்கப்பொண்ணு பிறந்த அன்றே, தன் மகனுக்கு என்று தாய்மாமன் கருத்தக்கண்ணன் தொட்டிலில் சேலை போட்டவர். முறையும் அதுதான், உரிமையும் அதுதான். ஊரே அறிந்தது, நல்லகாமனும் அறிந்ததுதான். ஊருக்கு முன்னால் இன்றைக்குத் தலை குனிந்து நின்ற அண்ணனிடம், இன்றைக்கே போய் இதை எப்படிச் சொல்வாள்? தண்ணீரை அவர் விலையாகக் கேட்டிருந்தால் மறுப்பது சுலபம். அவரோ விலை எதுவும் கேட்கவில்லை.

"உரிமைக்காரன் இருக்கான்னு தெரிஞ்சே கேக்குறியாண்ணே?"

"தெரிஞ்சுதான்."

"எம் மக என்ன நெனைப்பான்னு யோசிச்சியா?"

நல்லகாமன் அவளை நேராகப் பார்த்தார். "அவ மனசு தெரியாமயா நான் வாயெடுப்பேன்?"

மாடுகள் இரண்டும் கொட்டிலைப் பார்த்துத் தாமாகவே நடந்தன. அவர் பின்னாலேயே போய்விட்டார்.

ஒச்சாயி வரப்பில் திரும்பி நடந்தாள். பாதி வழியில் அண்ணன் எதிரே வந்தார். இருக்க முடியாமல் அவளைத் தேடித்தான் வந்திருக்கிறார். காலையில் சபையில் பார்த்ததைவிட அவர் முகம் இளமையாக இருந்தது.

"என்னத்தா சொன்னான்?"

"தண்ணி தாரேன்னாருண்ணே. மாடும் ஓட்டுறேன்னாரு."

"அவனா!" கருத்தக்கண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். தங்கையின் தலையில் கையை வைத்து ஒரு தரம் அழுத்தினார். பிறகு ஏதோ யோசித்தவர் போலக் கேட்டார்: "வேற ஒண்ணும் கேக்கலையா?"

ஒச்சாயி அண்ணனைக் கடந்து இரண்டு அடி நடந்தாள்.

"நடண்ணே" என்றாள். "முதல்ல நான் எம் மககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."